மோட்டார் பழசு, அதைச் சுற்றவைக்கும் ஆள்தான் புதுசு

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது: "மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் மூன்றையும் ஒரே பாடமாக நடத்துகிறார்கள். எனக்கு மூன்றும் வேறு வேறாகத்தான் தெரிகின்றன. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) ஃபேன், இன்வெர்ட்டர் ஏசி, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று வெளியே எல்லாரும் பேசுவது எதுவும் புத்தகத்தில் இல்லை. இவையெல்லாம் புது வகை இயந்திரங்களா? வீட்டு ஃபேன்களை பிஎல்டிசிக்கு மாற்றலாமா என்று அப்பா கேட்கிறார், அதையும் சொல்லுங்கள்."

அப்பாவின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். புது வகை இயந்திரங்களா என்பதற்கு மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்: இல்லை. இவற்றுக்கு அடியில் இருக்கும் கொள்கைகள் எல்லாம் 1890-களுக்குள் தெரிந்துவிட்டவை. மாறியது, சுருளுக்குள் மின்சாரத்தை எப்போது, எவ்வளவு, எந்தத் திசையில் விடுவது என்று தீர்மானிக்கும் பகுதி. முதலில் அதைக் கார்பன் பிரஷ் செய்தது. அப்புறம் மின்வாரியம் அனுப்பும் 50 ஹெர்ட்ஸ் செய்தது. இப்போது ஒரு சர்க்யூட் போர்டு செய்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் புத்தகத்துக்கும் கடைவீதிக்கும் நடுவே இருக்கும் தூரம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

அடிப்படைக்கு வருவோம். மொத்தப் பாடமும் இரண்டு உண்மைகள் மேல் நிற்கிறது. காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி தள்ளப்படும். காந்தப்புலத்தில் கம்பியை நகர்த்தினால், அல்லது கம்பியைச் சும்மா வைத்துவிட்டுப் புலத்தை மாற்றினால், கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். மின்னோட்டம் திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது என்று 1820-ல் ஓர்ஸ்டெட் கண்டார். அடுத்த ஆண்டே மைக்கேல் ஃபாரடே, பாதரசத்தில் தோய்ந்த ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி விடாமல் சுழலவைத்தார். இரண்டாவது உண்மையைப் பிடிக்க அவருக்கு 1831 வரை ஆயிற்று.

முதல் உண்மையை மோட்டார் என்றும் இரண்டாவதை ஜெனரேட்டர் என்றும் மனப்பாடம் செய்வதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. சுழலும் எந்த மின் இயந்திரத்திலும் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மோட்டார் ஓடும்போது அதன் சுருள்கள் காந்தப்புலத்தில் நகர்கின்றன அல்லவா? அப்படியானால் அவற்றில் மின்னழுத்தமும் பிறந்தே ஆகவேண்டும். அது நாம் கொடுக்கும் மின்சாரத்தை எதிர்த்து நிற்கும். எதிர் மின்னியக்கு விசை (பேக் இஎம்எஃப்) என்று புத்தகத்தில் ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். என்னைக் கேட்டால் பாடத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மோட்டார் தனக்கு வேண்டிய மின்சாரத்தை மட்டும் எப்படி எடுத்துக்கொள்கிறது? லோடு ஏறினால் வேகம் கொஞ்சம் குறைகிறது, எதிர்ப்பு மின்னழுத்தம் குறைகிறது, உள்ளே வரும் மின்னோட்டம் கூடுகிறது. லோடு இறங்கினால் நேர்மாறு. யாரும் எதையும் திருக வேண்டியதில்லை. ஸ்விட்ச் போட்ட நொடியில் மோட்டார் ஏன் வழக்கத்தைப்போல் ஆறேழு மடங்கு மின்னோட்டம் இழுக்கிறது என்பதற்கும் பதில் இதேதான்: அசையாமல் நிற்கும் மோட்டாரில் எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லை. ஜாம் ஆகி நின்றுபோன மோட்டார் சில நிமிடங்களில் புகைவதும் இதனால்தான்.

மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒன்றே என்பது பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது 1873 வியன்னா கண்காட்சியில். கிராம் என்பவரின் டைனமோ ஒன்றின் கம்பிகளை, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டைனமோவோடு இணைத்தபோது, சும்மா நின்றிருந்தது சுற்ற ஆரம்பித்தது. நம் ஊரில் இதைப் பிரம்மாண்டமாகப் பார்க்க வேண்டுமானால் ஆழியாறு பக்கம் காடம்பாறைக்குப் போக வேண்டும். அங்கே தலா 100 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள். மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது மேல் அணைத் தண்ணீர் இறங்கி அவற்றைச் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. தேவை குறைந்த நேரத்தில் அதே இயந்திரங்கள் மின்சாரத்தை வாங்கி எதிர்த்திசையில் சுற்றி, இறங்கிய தண்ணீரை மேலே ஏற்றுகின்றன. எப்போது மோட்டார், எப்போது ஜெனரேட்டர் என்பது சக்தி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்த விஷயம், அவ்வளவுதான்.

டிரான்ஸ்பார்மர் இந்தக் குடும்பத்தில் எப்படிச் சேர்ந்தது? அது சுற்றுவதில்லை, ஆனால் இரண்டாவது உண்மையின் பின்பாதி, அதாவது கம்பியை நிறுத்திவிட்டுப் புலத்தை மாற்றுவது, அதில் அப்படியே நடக்கிறது. ஒரே இரும்பில் இரண்டு சுருள்கள். ஒன்றில் மாறுமின்சாரம் புலத்தை ஏற்றி இறக்குகிறது, மற்றதில் சுற்று எண்ணிக்கைக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக்குவது இப்படித்தான். அதன் உறுமல், காந்தமாகும்போது இரும்புத் தகடுகள் மயிரிழை அளவு நீண்டு சுருங்குவதால் வருவது. ஒரு அலைக்கு இரண்டு தடவை என்பதால் 50 ஹெர்ட்ஸுக்கு உறுமல் 100 ஹெர்ட்ஸ். இங்கே ஒரு குறிப்பையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: அலைவெண் கூடினால் அதே வேலைக்குச் சின்ன இரும்பே போதும். போன் சார்ஜருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் சுண்டுவிரல் நகத்தளவில் இருப்பதற்கு, அதற்குள் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுப்பதுதான் காரணம்.

இனி அந்த முக்கியமான கேள்வி. ஒரு கம்பியைத் தள்ளுவது சுலபம். அதை விடாமல் சுற்றவைப்பதுதான் கஷ்டம். அரைச் சுற்று போனதும் கம்பி அடுத்த காந்தமுனைக்கு எதிரே வந்துவிடும், அப்போது தள்ளுதல் திசை மாறி மோட்டார் அங்கேயே ஆடிக்கொண்டு நிற்கும். சரியான நேரத்தில் மின்சாரத்தின் திசையைத் திருப்பிவிட யாராவது வேண்டும். முதலில் கிடைத்த ஆள் கம்யூட்டேட்டரும் பிரஷும். ஆர்மேச்சர், அதாவது சுழலும் சுருள்தொகுதி, சுற்றச் சுற்ற, செம்புத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கார்பன் பிரஷுக்கு அடியில் வந்து, எந்தச் சுருளுக்கு எந்தத் திசையில் மின்சாரம் என்று தானே மாற்றிக்கொள்ளும்.

இந்த முறை செத்துப்போகவில்லை. உங்கள் வீட்டு மிக்ஸியில் இன்றும் இருக்கிறது. மிக்ஸி ஓடும்போது கீழே காற்று வரும் ஓட்டைகள் வழியே பார்த்தால் நீலப் பொறி தெரியும். அது பிரஷ் கம்யூட்டேட்டரைத் தொடும் இடம். ரொம்ப நாள் ஓடிய மிக்ஸியில் வரும் அந்தக் காரமான வாடையும் அங்கிருந்துதான். அதில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். புலச் சுருளும் ஆர்மேச்சரும் தொடர்ச்சியாக இணைந்திருப்பதால், மாறுமின்சாரம் (ஏசி) திசை மாறும்போது இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன, தள்ளும் திசை மாறுவதில்லை. ஆகவே ஏசியிலும் ஓடும், டிசி என்ற நேர்மின்சாரத்திலும் ஓடும்.

பக்கத்திலேயே இருக்கும் வெட் கிரைண்டரில் பிரஷ் கிடையாது, பொறி கிடையாது, மிக்ஸி மாதிரி அலறலும் கிடையாது. ஒரே சமையலறையில் இரண்டு மோட்டார்களும் ஏன் இப்படி வேறாக இருக்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல, பிரஷ் இல்லாமல் மோட்டாரைச் சுற்றவைக்கும் வித்தை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

1880-களில் இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்தார்கள். டெஸ்லாவின் காப்புரிமைகள் 1888-ல் வந்தன. இரும்பு வளையத்துக்குள் சுருள்களை வெவ்வேறு கோணத்தில் வைத்து, அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சம் பின்தங்கி வரும் மாறுமின்சாரங்களைக் கொடுத்தால், சுருள்கள் அசையாமல் இருக்க, காந்தப்புலம் மட்டும் உள்ளே சுழலும். நடுவில் ஒரு உலோகக் கூண்டை வைத்தால், சுழலும் புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும், அந்த மின்னோட்டம் புலத்தால் தள்ளப்பட்டு கூண்டும் சுழலும். கூண்டுக்கு எந்த ஒயரும் போகவேண்டியதில்லை. டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி 1889-ல் இதை மூன்று ஃபேஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தங்கி வரும் மூன்று மாறுமின்சாரங்களில், செய்து காட்டினார். 1891-ல் ஜெர்மனியின் லாஃபன் நீர்மின் நிலையத்திலிருந்து 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் போய், ஒரு 100 குதிரைத்திறன் மோட்டாரை ஓட்டி, செயற்கை அருவிக்குத் தண்ணீர் ஏற்றியது. இன்று உங்கள் ஊர் மில்லிலும் கிணற்றடியிலும் ஓடுவது அடிப்படையில் அதே மோட்டார்தான். இண்டக்‌ஷன் மோட்டார் என்று சொல்வது இதைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, கூண்டு ஒருபோதும் புலத்தின் வேகத்தை எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே வேக வித்தியாசம் இல்லை, தூண்டல் இல்லை, தள்ளுதலும் இல்லை. மாட்டின் கழுத்தில் கழி கட்டி முன்னால் தொங்கவிட்ட புல்லுக்கட்டு மாதிரி, புலம் எப்போதும் ஒரு எட்டு முன்னால். இந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப். நான்கு காந்தமுனை மோட்டாரில் புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. பெயர்ப்பலகையில் 1440 என்று போட்டிருக்கும். அந்த 60 சுற்றுத்தான் லோடை இழுக்கிறது.

1500 என்பது எங்கிருந்து வந்தது? 120-ஐ அலைவெண்ணால் பெருக்கி முனைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நம் நாட்டில் அலைவெண் 50. இரண்டு முனைக்கு 3000, நான்குக்கு 1500, ஆறுக்கு 1000. இரண்டு முனைக்குக் கீழே போக முடியாது. ஆகவே நேரடியாக லைனில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டார் எந்த ஜென்மத்திலும் 3000-ஐத் தாண்டாது. தேங்காயும் மிளகாயும் ஒரு நிமிஷத்தில் மைய அரைய பிளேடு 15,000, 20,000 சுற்று சுற்ற வேண்டும். அதனால்தான் மிக்ஸிக்கு பிரஷ் மோட்டார், கூடவே சத்தம், தேய்மானம், பிரஷ் மாற்றும் செலவு. மாவாட்டும் கல் மெதுவாகச் சுற்றினால் போதும், அதுவும் மணிக்கணக்கில். அங்கே இண்டக்‌ஷன் மோட்டார் ஒரு பெல்ட் வழியாக வேலையை முடித்துவிடுகிறது.

மோட்டாரின் வேகம் மின்வாரியத்தின் அலைவெண்ணோடு கட்டிப்போடப்பட்டிருந்தது என்பதுதான் நூறு ஆண்டுகளாகப் பொறியாளர்களின் தலைவலி. முனைகளை மாற்றிக் கட்டலாம், பெல்ட் புல்லியை மாற்றலாம், கியர் போடலாம். அதற்குமேல் வழி இல்லை. லிஃப்ட், ரயில், காகித ஆலை மாதிரி வேகம் கூட்டிக் குறைக்க வேண்டிய இடங்களில் டிசி மோட்டார் இத்தனை காலம் நிலைத்திருந்தது அதனால்தான்.

சரி, வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ்தானே, அதில் சுழலும் புலம் எப்படி? ஒற்றை ஃபேஸில் புலம் சுழலாது. ஒரே கோட்டில் முன்னும் பின்னும் ஆடும். அதனால் மோட்டார் தானாகக் கிளம்பாது. இரண்டாவதாக ஒரு சுருள் கட்டி, அதற்கு ஒரு கண்டன்சர் வழியாக மின்சாரம் கொடுத்தால், அந்த மின்னோட்டம் சற்று முந்தி வரும், ஒரு அரைகுறைச் சுழற்சி கிடைக்கும். சீலிங் ஃபேன் ஸ்விட்ச் போட்டதும் கிளம்பாமல் முனகி, கையால் தள்ளினால் மட்டும் ஓடுகிறது என்றால் அந்த 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போய்விட்டது என்று அர்த்தம். சீலிங் ஃபேனில் இன்னொரு விசேஷம்: சுருள் இருக்கும் ஸ்டேட்டர் நடுவில் கம்பியோடு அசையாமல் நிற்கிறது, ரோட்டர் வெளியே ஓடாகச் சுற்றுகிறது. முனைகள் 14 என்று கொண்டால் புலத்தின் வேகம் 428. ஃபேன் ஓடுவது 350, 380. எவ்வளவு ஸ்லிப் பாருங்கள். கொடுக்கும் 75 வாட்டில் பாதிக்குமேல் சூடாகவே போய்விடுகிறது.

இனி வயற்காடு. கோயம்புத்தூர் வட்டாரத்தில் மோட்டார் தொழில் வேர்விட்டதற்கு 1932-ல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் ஒரு பெரிய காரணம். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் உருவாக்கியதைத்தான் இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்கிறார்கள். மின்சாரம், பஞ்சாலை, கிணற்றுப் பாசனம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன, வார்ப்படம் போடத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். பம்புசெட்டுக்குப் பேர் போன ஊரானது அப்படித்தான்.

கிணற்று மோட்டாரைச் சாகடிப்பது பெரும்பாலும் தண்ணீரோ வயதோ அல்ல, ஒரு ஃபேஸ் போய்விடுவதுதான். மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மிச்சம் இரண்டில் இருந்து கூடுதலாக உறிஞ்சி ஓடும், வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நின்றுகொண்டிருந்த மோட்டார் என்றால் கிளம்பாமல் உறுமும். காயில் கட்டும் கடையில் எரிந்த ஸ்டேட்டரைத் திறந்ததும் அனுபவப்பட்டவர் அதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடுவார். சுருள்கள் வட்டம் முழுக்க ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு. ஒரு கொத்துக் கருப்பு, ஒரு கொத்து புதுசு மாதிரி என்று மாறி மாறி ஒழுங்காக இருந்தால் ஃபேஸ் போயிருக்கிறது. அதிலும் ஸ்டார் இணைப்பு (மூன்று சுருள்களின் ஒரு நுனி ஒரே இடத்தில் சேர்வது) என்றால் இரண்டு ஃபேஸின் சுருள்கள் கருகி ஒன்று தப்பியிருக்கும். டெல்டா (சுருள்கள் முக்கோணமாகச் சேர்வது) என்றால் ஒன்று மட்டும் கருகி இரண்டு தப்பியிருக்கும். ஒரே இடத்தில் மட்டும் ஒரு கரும்புள்ளி என்றால் அங்கே இன்சுலேஷன் பிய்ந்திருக்கிறது. காகிதத்தில் மின்சுற்று வரைந்து பார்த்தால் ஏன் இப்படி என்று உங்களுக்கே விளங்கும். செமஸ்டர் கேள்விகளைவிட இது நல்ல பயிற்சி.

விவசாய லைனில் இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரங்களில் கண்டன்சர் பெட்டி வைத்து மோட்டாரை ஓட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தத்துவம் சீலிங் ஃபேனில் இருப்பதேதான்: இல்லாத ஃபேஸைக் கண்டன்சரால் போலியாக உண்டாக்குவது. மோட்டார் ஓடும், தண்ணீரும் வரும். ஆனால் போலி ஃபேஸ் எல்லா லோடிலும் சமமாக நிற்காது. மோட்டார் சூடாகும், அந்த லைனின் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து அடிவாங்கும். இன்சுலேஷன் விஷயத்தில் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: தாங்கும் அளவைவிடப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. இன்று எரியவில்லை என்பதால் கெடவில்லை என்று ஆகாது.

ஜெனரேட்டர் பக்கம் கொஞ்சம். மின்நிலையங்களில் பெரும்பாலும் இருப்பவை சிங்க்ரனஸ் ஜெனரேட்டர்கள்; ரோட்டரில் டிசி கொடுத்த மின்காந்தம், ஸ்லிப் கிடையாது. கூடங்குளத்தின் 1000 மெகாவாட் டர்பைன் சரியாக 3000 சுற்றில் ஓடியாக வேண்டும். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னகம் மற்ற பகுதிகளோடு இணைந்த பிறகு, காஷ்மீரில் சுற்றும் ஜெனரேட்டரும் கூடங்குளத்தில் சுற்றுவதும் ஒரே தாளத்தில் போகின்றன. எங்காவது லோடு திடீரென ஏறினால் நாடு முழுக்க அத்தனை ரோட்டர்களும் சேர்ந்து கொஞ்சம் மெதுவாகும்.

காற்றாலை இந்தத் தாளத்துக்கு அடங்காத பிள்ளை. காற்று ஒரே வேகத்தில் வீசாது. முப்பந்தலில் ஆரம்ப காலத்தில் நட்ட சின்னக் காற்றாலைகளில் இருந்தது சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரேதான். காற்று அதை 1500-க்குமேல், 1510, 1520 என்று தள்ளினால் ஸ்லிப் எதிர்மறையாகி அது மின்சாரத்தை லைனுக்குத் திருப்பித் தரும். எளிமையானது, மலிவானது, ஆனால் தன் காந்தத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் லைனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே போய்வரும் சக்தியை) லைனிலிருந்தே இழுக்கும். ஆடி மாதக் காற்றில் இப்படி நூற்றுக்கணக்கில் ஓடினால் அந்தப் பகுதி வோல்டேஜ் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்து வந்த தலைமுறையில் ரோட்டருக்கும் சுருள் கட்டி, ஸ்லிப் ரிங் வழியாக எலெக்ட்ரானிக் கன்வெர்ட்டரோடு இணைத்தார்கள். மொத்த சக்தியில் 30 சதவீதம் அளவைக் கன்வெர்ட்டர் கையாண்டால் போதும், விசிறியின் வேகம் கூடிக் குறையலாம், லைனுக்குப் போவது மட்டும் 50 ஹெர்ட்ஸாகவே இருக்கும். இன்னும் புதியவற்றில் நிரந்தரக் காந்த ஜெனரேட்டர், மொத்த சக்தியும் கன்வெர்ட்டர் வழியாக.

எலெக்ட்ரானிக்ஸ் உள்ளே வந்துவிட்டது, இனி நிகழ்காலம்தான். லைனில் வரும் ஏசியை முதலில் டிசி ஆக்கி, பிறகு ஆறு ஸ்விட்சுகளால் அதை வினாடிக்குப் பத்தாயிரம் தடவை அளவில் வெட்டி, நமக்கு வேண்டிய அலைவெண்ணில் புது மூன்று ஃபேஸை உண்டாக்குவதுதான் இன்வெர்ட்டர். பழைய கட்டு அத்தோடு அறுந்தது. 50 ஹெர்ட்ஸை மறந்துவிடலாம். 20 கொடுத்தால் மெதுவாக ஓடும், 80 கொடுத்தால் வேகமாக ஓடும். மில்லில் விஎஃப்டி (வேரியபிள் ஃப்ரீக்வென்ஸி டிரைவ்) என்று சொல்வதும், இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரை ஓட்டுவதும், சோலார் பம்பில் காலை வெயிலுக்குத் தக்கபடி மோட்டாரை மெல்லக் கிளப்புவதும் இதுவே. பாதாளத்தில் கிடக்கும் மோட்டார் அதே மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்தாலும் ஒன்றும் குறைவில்லை.

இதில் மிச்சமாகும் மின்சாரம் சாதாரணமானதல்ல. விசிறிக்கும் பம்புக்கும் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் சக்தி ஏறத்தாழ 51 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வால்வையோ டேம்பரையோ மூடிக் காற்றைக் குறைப்பது பல ஆலைகளில் பல ஆண்டுகள் நடந்த வீண்செலவு. உலகில் பயன்படும் மின்சாரத்தில் 45 சதவீதம் அளவு மோட்டார்களுக்கே போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2011-ல் மதிப்பிட்டது. அதில் பம்பும் விசிறியும் பெரும்பங்கு. விஎஃப்டிக்கும் தன் தொல்லைகள் உண்டு: அந்த வேகமான வெட்டுதலால் மோட்டார் தண்டில் மின்னழுத்தம் ஏறி, பேரிங் வழியாகக் கசிந்து, உள்ளே சீப்புப் பல் மாதிரி கோடுகள் விழும். பேரிங் காரணமில்லாமல் இரைகிறது என்று மாற்றிக்கொண்டே இருக்கும் இடங்களில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. அலைவெண்ணை மாற்றினால் வேகம் மாறும். ஆனால் டிசி மோட்டார் மாதிரி சொன்ன நொடியில் சொன்ன விசையைத் தருமா? 1970-களை ஒட்டி ஜெர்மனியில் ஹாஸ்ஸ, பிளாஷ்க்கே ஆகியோர் இதற்கு வழி கண்டார்கள். மோட்டாருக்குள் போகும் மின்னோட்டத்தைக் கணக்கில் இரண்டாகப் பிரித்து, காந்தத்தை உண்டாக்கும் பங்கு இவ்வளவு, சுழற்றும் பங்கு இவ்வளவு என்று தனித்தனியே கட்டுப்படுத்துவது. ரோட்டர் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் தெரிந்துகொண்டு கணக்குப் போட வேண்டும். அன்று அதற்கு அலமாரி அளவு கருவி வேண்டியிருந்தது, இன்று சில்லறை விலைச் சிப் போதும். வெக்டர் கண்ட்ரோல் என்ற பெயரில் பாடத்தில் வரும்போது மேட்ரிக்ஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பிரஷ் செய்த வேலையைக் கணக்கால் செய்வது என்று படியுங்கள்.

ரயிலில் இதன் விளைவைக் காணலாம். டபிள்யூஏபி-4 எஞ்சின்களில் டிசி மோட்டார். பிரஷ் தேய்மானம், பராமரிப்பு. 1990-களின் நடுவில் ஏபிபி நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் வாங்கி வந்த டபிள்யூஏஜி-9, டபிள்யூஏபி-5 முதல் மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். சென்னை ஐசிஎஃபில் 2018-ல் உருவான வந்தே பாரத் ரயிலில் ஒன்றுவிட்டு ஒரு பெட்டிக்கு அடியில் அத்தகைய மோட்டார்கள் இருக்கின்றன. பிரேக் போடும்போது அவையே ஜெனரேட்டராகி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன. காடம்பாறையில் தண்ணீர் செய்யும் வேலையை இங்கே ரயிலின் வேகம் செய்கிறது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இருப்பது நிரந்தரக் காந்த மோட்டார். ரோட்டரில் காந்தம் ஏற்கெனவே இருக்கிறது. அதை உண்டாக்க மின்சாரம் செலவில்லை, கூண்டில் ஓடும் மின்னோட்டச் சூடு இல்லை. சிறிய உருவம், நல்ல திறன். டிவிஎஸ் ஐக்யூபில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது, ஏதர் 450-ல் சட்டகத்தில் இருந்து பெல்ட் வழியாக ஓட்டுகிறது. சக்கரத்துக்குள் என்றால் பெல்ட் தொல்லை இல்லை, ஆனால் குழியில் விழும் எடை கூடும். வேலை இரண்டிலும் ஒன்றே: ரோட்டர் எங்கே இருக்கிறது என்று சென்சார் சொல்ல, போர்டு அடுத்த சுருளுக்கு மின்சாரம் விடுகிறது. கம்யூட்டேட்டரும் பிரஷும் செய்ததை டிரான்சிஸ்டர் செய்கிறது. பிஎல்டிசி என்பதன் கதையும் இவ்வளவுதான். பேட்டரியில் இருந்து டிசி வருகிறது, சுருளுக்குள் போவது மாறுமின்சாரம். மோட்டாரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது புத்தகத்தில் இருக்கும் சிங்க்ரனஸ் மோட்டார்.

இதற்கு உயிர் கொடுத்தது 1980-களில் வந்த நியோடைமியம் காந்தம். இப்போது சிக்கலும் அங்கேதான். சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேலேயே வலு இழக்க ஆரம்பிக்கும். சூட்டைத் தாங்க டிஸ்ப்ரோசியம் மாதிரி அரிய தனிமம் கொஞ்சம் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா இத்தகைய தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் இந்திய வண்டித் தொழிற்சாலைகள் வரை அதன் அதிர்வு வந்தது. காந்தம் இல்லாமலும் கார் ஓடும்: 2012 டெஸ்லா மாடல் எஸ் இண்டக்‌ஷன் மோட்டாரில் ஓடியது, ரெனோவும் பிஎம்டபிள்யூவும் சில கார்களில் சுருள் கட்டிய ரோட்டரைப் பயன்படுத்துகின்றன. பிரஷும் ஸ்லிப் ரிங்கும் இருக்கும் அந்தப் பழைய சிங்க்ரனஸ் ரோட்டர் அத்தியாயத்தை "யாருக்கு வேண்டும்" என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த பத்தாண்டில் அதற்கு மறுபடி வேலை வரலாம் என்பது என் கணிப்பு.

அப்பாவின் கேள்விக்கு வருவோம். பிஎல்டிசி ஃபேனில் 230 வோல்ட்டை 24 வோல்ட் அளவு டிசி ஆக்கும் சின்னப் போர்டு, வெளி ஓட்டில் ஃபெரைட் காந்தங்கள், நடுவில் மூன்று ஃபேஸ் சுருள். முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். பழைய ஃபேன் 75 வாட் என்றால் மிச்சம் 45 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். தினம் 15 மணி நேரம் ஓடும் ஃபேனில் மாதம் 20 யூனிட், இரண்டு மாத பில்லில் 40. குறைந்த வேகத்தில் வித்தியாசம் விகிதப்படி இன்னும் கூடும். ஹால், படுக்கையறை ஃபேன்களை மாற்றலாம். பூஜையறையிலும் ஸ்டோர் ரூமிலும் எப்போதாவது ஓடுவதை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குச் சற்று மேலே போகும் வீடு என்றால் லாபம் இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ் யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் ஏறுகிறது. வாங்கும்போது ஸ்டார் முத்திரையைப் பாருங்கள். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் அது கட்டாயம்.

மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாக அரைகுறை மின்சாரம் போனால் போர்டு குழம்பும், சீக்கிரம் போகவும் போகும். ரிப்பேர் விஷயத்திலும் அவருக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: பழைய ஃபேனில் 50 ரூபாய் கண்டன்சரும் தெருமுனைக் காயில் கடையும் போதும். இதில் பெரும்பாலும் போவது சுருள் அல்ல, போர்டு. ஆகவே ஐந்து வருட வாரண்டியா, போர்டு தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஃபேனைக் காயலான் கடைக்குப் போடாமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்து முனைகளை எண்ணிப் பார்த்து 120 கணக்கைப் போட்டுப் பாருங்கள்.